உலாவி இணைப்புக்கு என்ன பெயர் வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் லினக்ஸ் பொதிகளை, அதாவது நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்புகளை, தயாரிக்கும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவர்களுடைய ஆவணக் கையொப்ப மென்பொருளில், உலாவியோடு பேசுவதற்கென்று ஒரு பகுதி உண்டு. வேண்டுபவர்கள் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும்போது, அதாவது பில்ட் செய்யும்போது, அதைச் சேர்க்கச் சொல்லும் ஃப்ளாக் என்னும் தெரிவுக்கும், தனியாகப் பிரித்து வெளியிடும் பொதிக்கும் என்ன பெயர் வைப்பது என்பதில் குழு மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டதாம். ஒருவர் ‘ஃபயர்ஃபாக்ஸ்’ என்கிறார், மற்றொருவர் ‘ப்ளக்இன்’ என்கிறார், ஜென்டூ என்ற லினக்ஸ் வழங்கலில் பழகிய மூன்றாமவர் ‘என்எஸ்ப்ளக்இன்’ என்ற பழைய பெயரையே வைத்துவிடலாம் என்கிறார்.

நண்பரே, உங்கள் மென்பொருளுக்கு இம்மூன்றும் பொருந்தாது, ‘பிரௌசர்’ என்பதே போதும் என்பது என் கருத்து. ஆனால் மூன்றாமவர் சொல்லும் பெயர், அதன் காலத்தில் மிக நல்ல பெயராக இருந்தது. அது ஏன் நன்றாக இருந்தது என்பது புரிந்தால், இன்றைக்கு அது ஏன் பொருந்தாது என்பதும் தானே விளங்கிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நெட்ஸ்கேப் நிறுவனம் தன் நேவிகேட்டர் 2.0 உலாவியோடு கொண்டுவந்த செருகுநிரல் (ப்ளக்இன்) இடைமுகத்தைத்தான் நாம் என்பிஏபிஐ என்று அழைக்கிறோம். உலாவி தனக்குத் தெரியாத வகைக் கோப்பைப் பக்கத்தில் கண்டால், அந்த வகையைக் கையாள்வதாகப் பதிந்துவைத்திருக்கும் நூலகக் கோப்பை ஏற்றி, பக்கத்தில் ஒரு செவ்வக இடத்தை அதனிடம் ஒப்படைத்துவிடும். ஃப்ளாஷ், ஜாவா, காணொளி இயக்கிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் உலாவிக்குள் வந்தன. நெட்ஸ்கேப் மறைந்த பிறகும் மொசில்லா, ஓபரா, கான்கரர், பின்னர் குரோம் என்று பலரும் இதே இடைமுகத்தை ஏற்றுக்கொண்டதால், ஒரே நூலகக் கோப்பு பல உலாவிகளிலும் வேலை செய்தது.

இங்கேதான் பெயர்ச் சிக்கல் தொடங்கியது. பொதி தயாரித்தவர்களில் பலர், அப்போது தங்கள் கண்முன் இருந்த உலாவியின் பெயரையே வைத்துவிட்டார்கள். டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வழங்கலில் ‘மொசில்லா-ப்ளக்இன்-விஎல்சி’, ‘மொசில்லா-ப்ளக்இன்-நாஷ்’ என்று காணொளி, ஃப்ளாஷ் இயக்கிகளுக்குப் பொதிகள் இருந்தன. ஆனால் மொசில்லா என்ற சொல்லோ ஒரு நிறுவனத்தையும், பழைய உலாவித் தொகுப்பையும், அதனுள் இருந்து பக்கங்களை வரைந்து காட்டிய கெக்கோ இயந்திரத்தையும் ஒருசேரக் குறித்தது. ‘மொசில்லா ஆதரவு’ என்று ஒரு ஃப்ளாகைப் பார்த்தால், இந்த மென்பொருள் கெக்கோவைத் தன்னுள் இழுத்துக்கொண்டு பக்கங்களைக் காட்டப்போகிறதா, மொசில்லாவுக்குள் தான் நுழையப்போகிறதா என்பது தெரியாது. முதலாவது, ஒரு பெரிய நூலகத்தைச் சார்பாக இழுத்துவரும். இரண்டாவது, ஒரு சிறிய கோப்பைக் கூடுதலாக நிறுவுவதோடு முடிந்துவிடும். விளைவு இவ்வளவு வேறுபடும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் என்பது, வீட்டுச் சாவிக்கும் பெட்டிச் சாவிக்கும் ஒரே வளையத்தில் ஒரே அட்டையைக் கட்டிவைப்பது போலத்தான்.

போதாக்குறைக்கு உலாவிகளின் பெயர்களும் நிலையாக இல்லை. 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்று வெளிவந்தது 2003-ல் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுத்தள மென்பொருள் இருந்ததால் 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. வணிகச் சின்னம் குறித்த பிணக்கில் டெபியன் அதையே 2006 முதல் 2016 வரை ஐஸ்வீசல் என்று வைத்திருந்தது. இந்தக் காலத்தில் ‘ஃபயர்பேர்ட்’ என்று ஒரு ஃப்ளாக் வைத்திருந்தவரின் நிலையை எண்ணிப்பாருங்கள். தண்ணீர்மேல் பெயர் எழுதிய கதைதான்.

ஜென்டூவின் ‘என்எஸ்ப்ளக்இன்’ இந்தக் குழியில் விழவில்லை. நெட்ஸ்கேப் வகைச் செருகுநிரல் இடைமுகத்தை ஏற்கும் எந்த உலாவிக்கும் இந்தச் செருகுநிரலைப் பில்ட் செய் என்பதே அதன் விளக்கம். எந்த உலாவி என்று அது சொல்லவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடைமுகத்தின் பெயரை மட்டும் சொன்னது. அதனால் உலாவிகள் பெயர் மாறியபோதும், புதிதாக குரோம் வந்தபோதும், ஃப்ளாக் அப்படியே நின்றது. டெபியனும் பின்னாளில் விஎல்சி, நாஷ் பொதிகளை ‘பிரௌசர்-ப்ளக்இன்-’ என்ற முன்னொட்டுக்கு மாற்றியது. ஓப்பன்சூசே என்ற வழங்கல், செருகுநிரல்கள் வைக்கும் அடைவுக்கே (ஃபோல்டருக்கே) ‘பிரௌசர்-ப்ளக்இன்ஸ்’ என்று பொதுப்பெயர் வைத்திருந்தது.

ஒரு பெயரின் தவறு எவ்வளவு வேலை வைக்கும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. 2012-ல் நான் வேலை பார்த்த இடத்தில், யுஎஸ்பி டோக்கன் என்னும் சிறு கருவியில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தை உலாவிக்குள் கொண்டுவரும் ஒரு செருகுநிரலைக் கொடுத்திருந்தோம். முதன்மைப் பொதி தனி, செருகுநிரல் தனி. இரண்டாவதன் பெயர் ‘-மொசில்லா’ என்று முடியும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்பதை மறைப்பதற்கில்லை. பசவனகுடியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கையொப்பம் விழவில்லை என்று தொலைபேசி வந்தது. தொலைபேசியில் தீர்க்க முடியாமல், சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த பெரியவர் சேலத்துக்காரர். “தம்பி, நாங்க இங்க குரோம்தான் வச்சிருக்கோம். நீங்க குடுத்ததுல ஒண்ணு மொசில்லாவுக்குன்னு போட்டிருந்துச்சு, அது நமக்கு எதுக்குன்னு விட்டுட்டோம்” என்றார். அவர் செய்தது முற்றிலும் நியாயம். அந்நாளைய லினக்ஸ் குரோம், மொசில்லாவின் செருகுநிரல் அடைவிலும் தேடிப் பார்த்து அங்கிருப்பதை எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பொதியை நிறுவ இருபது விநாடி ஆனது. அவர் வாங்கிக்கொடுத்த காபியைக் குடிக்கத்தான் அதிக நேரம் ஆனது.

அங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். பொதியின் பெயரில் ‘மொசில்லா’ என்பது தவறு. ஆனால் கோப்பு போய் உட்கார வேண்டிய அடைவின் பெயரில் ‘மொசில்லா’ இருந்தது தவறே அல்ல, அதை மாற்றும் உரிமையும் நமக்கு இல்லை. நம் ஊர் மெஜஸ்டிக் அப்படித்தான். அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த திரையரங்கு இடிக்கப்பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேருந்து நிலையத்தின் பெயர் கெம்பேகௌடா. ஆனாலும் நடத்துநரிடம் மெஜஸ்டிக் என்றுதான் கேட்கிறோம், மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் கெம்பேகௌடாவுக்குப் பின்னால் மெஜஸ்டிக் என்பதைச் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. நாலு பேர் தேடி வரும் இடத்தின் பெயரை அவர்கள் தேடும் விதமாகவே விட்டுவிட வேண்டும். புதிதாக நாம் கட்டும் கடைக்கு மட்டும், விற்கும் பொருளைச் சொல்லும் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

இனி, அந்த நல்ல பெயர் இன்று ஏன் உதவாது என்பதற்கு வருகிறேன். அது குறித்த இடைமுகமே இன்று உயிரோடு இல்லை. லினக்ஸ் குரோமில் 2014 மே மாதம் 35-ஆம் பதிப்போடு என்பிஏபிஐ போய்விட்டது. மற்றத் தளங்களில் 2015 செப்டம்பரில் 45-ஆம் பதிப்பு அதை முழுவதும் நீக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ஆம் பதிப்பில் ஃப்ளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷைக் கைவிட்டது. அடுத்த மாதமே ஃபயர்ஃபாக்ஸ் 85 அந்தக் கடைசிக் கதவையும் மூடியது. இடைமுகத்தின் பெயரைத் தாங்கிய ஃப்ளாக், அந்த இடைமுகம் இறந்தபோது தானும் பயனற்றுப் போனதைக் குறையாக நான் கருதவில்லை. ஐயத்துக்கு இடமில்லாமல், எதை நீக்க வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்த அட்டையை எடுத்து வேறொரு பொருளின்மேல் ஒட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

உங்கள் மென்பொருள் இன்று செய்வது வேறு வேலை. உலாவிக்குள் ஏற்றப்படும் நூலகம் என்று எதுவும் அதில் இல்லை. ஒரு பக்கம் உலாவிக்குள் இயங்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்). மறு பக்கம் கணினியில் இயங்கும் உங்கள் நிரல். இரண்டுக்கும் நடுவே நேட்டிவ் மெசேஜிங் என்னும் வழி. உலாவியே உங்கள் நிரலைத் தனிச் செயலாகத் தொடங்கி, அதன் உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் செய்திகளை அனுப்பிப் பெறுகிறது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் 32 பிட் எண்ணாக வரும், பின்னால் ஜேசன் என்னும் உரை வடிவில் செய்தி வரும். நிரலிலிருந்து உலாவிக்குப் போகும் ஒரு செய்தி 1 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. எந்த நிரலை எந்த நீட்சி அழைக்கலாம் என்பதைச் சொல்ல ஒரு சிறிய ஜேசன் கோப்பு உண்டு. அதில் பெயர், விளக்கம், நிரலின் பாதை, அனுமதிக்கப்பட்ட நீட்சிகளின் பட்டியல் என்று நாலைந்து வரிகள்தான் இருக்கும். இந்தக் கடைசி வரியில் மட்டும் குரோம் ஒரு சொல்லையும் ஃபயர்ஃபாக்ஸ் வேறொரு சொல்லையும் எதிர்பார்ப்பதால், இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு தேவைப்படுகிறது.

ஆகவே ‘ப்ளக்இன்’ என்ற இரண்டாமவரின் யோசனையும் இங்கே நிற்காது. செருகுநிரல் என்றால் ஏற்றப்படும் நூலகம் என்ற நினைவு பழைய ஆட்களுக்கு இருக்கும். புதியவர்களோ உலாவியில் சேர்க்கும் நீட்சியையே ப்ளக்இன் என்பார்கள். உங்கள் ஃப்ளாக் தருவது இரண்டும் அல்ல. மேலும் உங்கள் மென்பொருளுக்கே உள்ளே செருகுநிரல்கள் இருக்கலாம். ‘ப்ளக்இன்’ என்று மொட்டையாகச் சொன்னால் எதற்குள் எது செருகப்படுகிறது என்ற கேள்வி உடனே எழும்.

இன்றைய காலத்திலும் உலாவிப் பெயரை வைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. க்னோம் மேசைத்தளத்தின் நீட்சிகளை உலாவி வழியாக நிறுவ உதவும் மென்பொருளுக்கு ‘குரோம்-க்னோம்-ஷெல்’ என்று பெயர் வைத்தார்கள். அது ஃபயர்ஃபாக்ஸிலும் வேலை செய்தது. பெயரைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் நம் சேலத்துப் பெரியவரைப் போல விலகிப் போனார்களோ! 2022-ல் அதை ‘க்னோம்-பிரௌசர்-கனெக்டர்’ என்று மாற்றினார்கள். ஆனால் வெளியே ஏற்கெனவே பரவியிருக்கும் நீட்சிகள் பழைய பெயரைச் சொல்லி அழைக்கும் என்பதால், பழைய பெயரிலான ஜேசன் கோப்பையும் புதியதோடு சேர்த்தே வைக்க வேண்டியதாயிற்று. ஒருமுறை வெளியே போன பெயரைத் திரும்ப வாங்குவது அவ்வளவு எளிதல்ல.

கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் காப்பகத்தின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஜென்டூவில் அதன் உலாவி இணைப்புக்கான ஃப்ளாகின் பெயர் ‘பிரௌசர்’ மட்டுமே. படித்தவுடன் புரிகிறது, எந்த உலாவி என்ற சண்டையும் இல்லை. டெபியனில்தான் புயல் வந்தது. 2024-ல் அங்கே பொதியைப் பராமரிப்பவர், பாதுகாப்பு கருதி உலாவி இணைப்பு, வலையமைப்பு போன்ற விருப்பப் பகுதிகளை எல்லாம் நீக்கிய பில்டை அதே பழைய பெயரில் வைத்து, முழுமையானதை ‘-ஃபுல்’ என்ற பின்னொட்டோடு தனியாக வைத்தார். வழக்கம்போல மேம்படுத்திய பயனர்களுக்கு ஒரு காலை உலாவி இணைப்பு திடீரென்று காணாமல்போனது. புகார்கள் மென்பொருளை எழுதியவர்களின் வாசலில் குவிந்தன. பின்னர் ‘-மினிமல்’ என்ற பெயரும் வந்து சேர்ந்தது. பகுதிகளைக் குறைக்க வேண்டும் என்ற பராமரிப்பாளரின் எண்ணத்தில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. தாக்குதலுக்கு இடம் கொடுக்கும் பரப்பு குறைவது நல்லதே. ஆனால் பின்னொட்டில்லாத வெறும் பெயர் என்பது பயனரின் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளைக் குறிக்கும் பெயர். அதற்குள் இருப்பதைக் குறைப்பதாயிருந்தால், குறைத்ததற்குத்தான் புதுப்பெயர் சூட்ட வேண்டும். நீங்கள் இதுவரை உலாவி இணைப்போடு சேர்த்தே வெளியிட்டு வந்திருந்தால், இப்போது பிரிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

எழுத்து விதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரை எல்லா இடத்திலும் வைக்க முயன்று பலர் இடறுவது இங்கேதான். டெபியன் பொதிப் பெயரில் சிற்றெழுத்து, எண், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி ஆகியவை மட்டுமே வரலாம். அடிக்கோடு வரவே கூடாது. குரோமின் நேட்டிவ் மெசேஜிங் பெயரில் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி வரலாம். சிறுகோடு வரக் கூடாது. ஜென்டூ ஃப்ளாகில் சிறுகோடு வரலாம். அடிக்கோட்டை வேறொரு பயனுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஆக, பெயருக்கு நடுவே பிரிப்பு வந்தாலே மூன்று இடத்தில் மூன்று உருவம் எடுக்கும். கீபாஸ்எக்ஸ்சியின் ஜேசன் பெயர் ‘ஆர்க்.கீபாஸ்எக்ஸ்சி.கீபாஸ்எக்ஸ்சி_பிரௌசர்’ என்று அடிக்கோடோடு இருப்பது இதனால்தான். பிரிப்பில்லாத ஒற்றைச் சொல்லாக ‘பிரௌசர்’ அமைந்தால் ஃப்ளாகில் இந்தத் தலைவலி இல்லை என்பதும் நான் அதைப் பரிந்துரைக்க ஒரு காரணம்.

பில்ட் கட்டளையில் ‘எனேபிள்’ என்று தொடங்குவதா ‘வித்’ என்று தொடங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். பில்டுக்கு உதவும் ஆட்டோகான்ஃப் என்ற கருவியின் மரபு தெளிவாகவே இருக்கிறது: மென்பொருளின் சொந்தத் திறனைச் சேர்க்க ‘எனேபிள்’; வெளியே உள்ள மற்றொரு மென்பொருளைக் கொண்டு பில்ட் செய்ய ‘வித்’. உங்களுக்கு பில்ட் நேரத்தில் எந்த உலாவியும் தேவையில்லை, ஆகவே ‘எனேபிள்’. மீசான் என்ற பில்ட் கருவிக்கு மாறிவிட்டால் இந்தப் பாகுபாடே எழாது. அங்கே ஃபீச்சர் வகை விருப்பத்துக்கு எனேபிள்ட், டிசேபிள்ட், ஆட்டோ என்று மூன்று நிலை உண்டு. இதில் ஆட்டோவை மட்டும் பொதி தயாரிக்கும் இடத்தில் விட்டுவைக்காதீர்கள். பில்ட் செய்யும் கணினியில் தற்செயலாக ஒரு நூலகம் இருந்தால் ஒரு மாதிரியும், இல்லாவிட்டால் வேறு மாதிரியும் பொதி உருவாகும். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றாகிவிடும்.

‘நோ’ என்று தொடங்கும் எதிர்மறைப் பெயர்களையும் தவிர்த்துவிடுங்கள். இயல்பாகவே இருக்கும் திறனை நீக்க ‘நோபிரௌசர்’ என்று ஃப்ளாக் வைத்தால், அதைத் திரும்பப் பெற விரும்புபவர் அதன்முன் கழித்தல் குறியும் இட வேண்டும்; ‘இல்லாமல் இருக்க வேண்டாம்’ என்று எழுதவைக்கும் வேலை அது. ஜென்டூவின் வழிகாட்டியும் இத்தகைய பெயர்களை வேண்டாம் என்றே சொல்கிறது.

நீட்சியையும் நீங்களே பொதியாக வெளியிடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிரல் பக்கத்துப் பொதியோடு ஒன்றாகக் கட்டாதீர்கள். டெபியனில் நீட்சிப் பொதிகள் முன்பு ‘சூல்-எக்ஸ்ட்-’ என்று தொடங்கின. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளைக் கைவிட்ட பிறகு ‘வெப்எக்ஸ்ட்-’ என்ற முன்னொட்டு நிலைபெற்றது. நீட்சியின் பெயரில் உலாவிப் பெயர் வருவதை மட்டும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். விளம்பரத் தடுப்பு நீட்சியான யூப்ளாக் ஆரிஜினுக்கு டெபியனில் ‘-ஃபயர்ஃபாக்ஸ்’, ‘-குரோமியம்’ என்று இரண்டு பொதிகள் இருக்கின்றன. உள்ளிருக்கும் கோப்புகளும் போகும் இடமும் வேறானதால் அங்கே உலாவிப் பெயர் உண்மையான வேறுபாட்டைச் சொல்கிறது. ஃபெடோரா என்ற வழங்கலில் துணைப் பொதியின் பெயர் எதற்குத் துணையோ அதன் பெயரில் தொடங்க வேண்டும் என்பது விதி. நீட்சிக்கு உலாவி தாய், நிரல் பக்கத்துப் பகுதிக்கு உங்கள் மென்பொருள் தாய் என்று வைத்துக்கொண்டால் அங்கும் சிக்கல் வராது.

ஆகவே உங்கள் பட்டியல் இப்படி அமையலாம்: ஃப்ளாக் ‘பிரௌசர்’, பில்ட் விருப்பம் ‘எனேபிள்-பிரௌசர்’, நிரல் பக்கத்துப் பொதி, உங்கள் மென்பொருளின் பெயரோடு ‘-பிரௌசர்’, நீட்சிப் பொதி, ‘வெப்எக்ஸ்ட்-’ முன்னொட்டோடு. ஏற்கெனவே ‘-ஃபயர்ஃபாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு பொதி வாடிக்கையாளர்களிடம் போயிருந்தால், புதுப் பொதியை மட்டும் இழுத்துவரும் வெற்றுப் பொதியாக அந்தப் பெயரை டெபியனின் அடுத்த ஒரு நிலைப்பதிப்பு வரையிலாவது வைத்திருங்கள். அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. பழைய பில்ட் விருப்பத்தையும் உடனே தூக்காமல், புதுப்பெயரைச் சொல்லும் ஓர் எச்சரிக்கையோடு சில காலம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொதியின் விளக்கத்தில் முதல் வரியை மட்டும் நீங்களே எழுதுங்கள், கருவிகள் உருவாக்கும் வாசகத்தை விட்டுவைக்காதீர்கள். ‘ஃபயர்ஃபாக்ஸ், குரோம், குரோமியம் ஆகியவற்றில் உள்ள படிவங்களில் டோக்கன் கொண்டு கையொப்பமிட இது தேவை’ என்று அங்கே எழுதலாம். உலாவிப் பெயர்கள் இருக்க வேண்டிய இடம் அதுதான். நாளை நான்காவது ஓர் உலாவி வந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.